முதுகு வலிக்குப் படுக்கைதான் மருந்தா?

முதுகு வலி என்று ஒருவர் வாய் திறந்து சொன்னால் போதும், நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமே இராது. ‘காலால் பிறந்தவர் யாரையாவது கூப்பிட்டு முதுகில் இரண்டு மிதி மிதிக்கச் சொல்’ என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. ‘உப்பு ஒத்தடம் கொடு’ என்பார் இன்னொருவர். தைலம், பத்து, இடுப்புப் பட்டை, பலகைக் கட்டில், எடையைத் தொங்கவிட்டு இழுத்தல் என்று பட்டியல் நீளும். எல்லோரும் ஒருமித்துச் சொல்வது ஒன்று உண்டு: ‘அசையாமல் படு.’ கடைசியில், சற்றுத் தாழ்ந்த குரலில் இன்னொன்றும் வரும்: ‘டிஸ்க் விலகியிருக்கும், ஆபரேஷன்தான்.’

ஒவ்வொருவரும் தம் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் எல்லா அனுபவமும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. எது பயன் தருகிறது, எது பயன் தருவதுபோலத் தோன்றுகிறது என்பதைப் பிரித்தறிவது எப்படி? நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே யாருக்கும் மருந்து எழுதப் போவதில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை காண மருத்துவப் பட்டம் தேவையில்லை. நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியலே பெரும்பாலும் போதும்.

முதலில் முதுகெலும்பைப் பார்ப்போம். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புக்கு மேல் 5 என 24 தனித்தனி முள்ளெலும்புகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடையே இடைத்தட்டுகள் உள்ளன. ‘டிஸ்க்’ என்று மக்கள் சொல்வது இவற்றைத்தான். இடைத்தட்டின் நடுவில் கூழ்போன்ற பொருள் இருக்கிறது. இளமையில் அதில் பெரும்பகுதி தண்ணீரே. சுற்றிலும் நார் வளையங்கள். பகல் முழுவதும் நாம் நிமிர்ந்து நடமாடும்போது தட்டிலிருந்து கொஞ்சம் நீர் பிழியப்படுகிறது. இரவில் படுத்ததும் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. இதனால் காலையில் நாம் மாலையைவிட ஏறத்தாழ 1 செ.மீ. உயரமாக இருக்கிறோம். நம்பாதவர்கள் படுக்கையை விட்டு எழுந்ததும் சுவரில் ஒரு கோடும், இரவு உறங்கப் போகுமுன் ஒரு கோடும் போட்டுப் பார்க்கலாம்.

தட்டின் உள்ளே எவ்வளவு அழுத்தம்? சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் தட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அளந்தார். 1999-இல் ஜெர்மனியில் வில்கே என்பவரும் அவருடைய குழுவினரும் இன்னும் நுட்பமான கருவியால் அளந்தனர். படுத்திருக்கையில் வளிமண்டல அழுத்தத்தின் ஏறத்தாழ ஒரு மடங்கு. நிற்கையில் 5 மடங்கு. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ எடையைத் தூக்கும்போது 23 மடங்கு! அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17 மடங்கு. நாற்காலியில் சாய்ந்து தளர்ந்து உட்கார்ந்தபோது நிற்பதைவிடக் குறைவு. உட்கார்ந்தால் அழுத்தம் கூடும் என்று நாகெம்சன் கண்டதற்கு இது மாறானது. வில்கே அளந்தது ஒரே ஒரு மனிதரின் ஒரே ஒரு தட்டில் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

23 மடங்கு எங்கிருந்து வந்தது? நெம்புகோல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் குனியும்போது அவருடைய தலை, கைகள், உடலின் மேற்பகுதி எல்லாம் சேர்ந்து 30 கிலோ என்றும், அதன் ஈர்ப்பு மையம் இடுப்பு முள்ளெலும்பிலிருந்து 25 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் 20 கிலோ மூட்டை 40 செ.மீ. முன்னால். இவற்றைச் சமன் செய்யும் முதுகுத் தசையோ முள்ளெலும்புக்குப் பின்னால் வெறும் 5 செ.மீ. தொலைவில் இருந்து இழுக்கிறது. 30×25 + 20×40 = 1550. இதை 5-ஆல் வகுத்தால் 310. அதாவது 20 கிலோவைத் தூக்கத் தசை 310 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. மூட்டையை உடலை ஒட்டி 20 செ.மீ. தொலைவில் பிடித்து, உடலின் மையத்தையும் 10 செ.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால்? நீங்களே போட்டுப் பாருங்கள், 140 வரும். பாதிக்கும் குறைவு.

இந்தத் திருப்புத்திறன் கணக்கை எழுதத் தெரியாவிட்டாலும் நம் முன்னோர் அதைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய சாலையோரங்களில் இரண்டு நிமிர்ந்த கற்களின்மேல் ஒரு குறுக்குக் கல் கிடத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சுமைதாங்கி. தலைச்சுமைக்காரர் சுமையைத் தரையில் இறக்காமல் அந்த உயரத்திலேயே வைத்து இளைப்பாறி, மறுபடி குனியாமலே தலைக்கு மாற்றிக்கொள்வார். தலைக்கும் சுமைக்கும் இடையே சும்மாடு. சுமையின் எடை நேரே கழுத்தெலும்பின் வழியே இறங்குவதால் நெம்புகோலின் நீளம் ஏறக்குறைய சுழி. திருவரங்கத்தில் நம்பெருமாளைத் தோளில் எழுந்தருளச் செய்யும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் நடையையும் கவனியுங்கள். தண்டு தோளின்மேல், முதுகெலும்புக்கு அருகிலேயே அமைகிறது. பலரும் ஒரே அடியாக அடி வைக்கிறார்கள். ஒருவர் அடி பிசகினால் அவர் பங்குச் சுமை அடுத்தவர் தோளுக்குத் திடீரெனத் தாவும் அல்லவா?

இதுவரை எல்லாம் சரி. ஆனால் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிட்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். சுமை கூடினால் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் தட்டு கெடும். கெட்டால் வலி வரும். ஆகவே வலி வந்தவர் படுத்துவிட்டால் அழுத்தம் நீங்கி வலியும் நீங்கும். கேட்கத் தர்க்கமாகத்தான் இருக்கிறது. உலகெங்கும் மருத்துவர்கள் நெடுங்காலம் இப்படித்தான் எண்ணி, நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள்.

முதுகெலும்பு பாலத்தின் இரும்புத் தூணாக இருந்தால் இந்தத் தர்க்கம் செல்லும். இரும்பு, சுமை ஏற ஏறத் தேயும். அதற்கு ஓய்வு கொடுத்தால் ஆயுள் கூடும். உயிருள்ள எலும்பும் தசையும் நேர் எதிர். அளவான சுமை ஏற்றினால் வலுக்கும், ஏற்றாவிட்டால் இளைக்கும். இதற்கு விண்வெளியே சான்று. சுற்றுக்கலத்தில் மிதக்கும் வீரரின் முதுகெலும்பின்மேல் எடை என்பதே இல்லை. மேலே சொன்ன தர்க்கத்தின்படி உலகிலேயே முதுகு வலி இல்லாதவர் அவராகத்தான் இருக்க வேண்டும். நடப்பதோ வேறு: விண்வெளி சென்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் அங்கே முதுகு வலியால் வருந்தியிருக்கிறார்கள். தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பி உயரமும் சில செ.மீ. கூடிவிடுகிறது. பூமிக்குத் திரும்பிய பின் தட்டுப் பிதுக்கம் ஏற்படும் வாய்ப்பும் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

படுக்கை ஓய்வைத் தரையிலேயே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ரிச்சர்டு டேயோ என்ற மருத்துவரின் குழு, முதுகு வலியோடு வந்த 203 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுக்கச் சொன்னது. 1986-இல் முடிவு வெளிவந்தது. வலி குறைவதில் வேறுபாடு ஏதும் இல்லை. 2 நாள் பிரிவினர் வேலைக்குப் போகாத நாட்கள் மட்டும் 45 விழுக்காடு குறைவு. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாநகராட்சி ஊழியர் 186 பேரில் ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாம் பிரிவுக்கு ‘வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருங்கள்’ என்ற அறிவுரை மட்டும். விரைவில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். மிகவும் தாமதமாகத் தேறியவர்கள் படுத்தவர்கள். திருவரங்கத்தில் பள்ளிகொண்டிருப்பது பெருமாளுக்கு அழகு. முதுகு வலிக்காரருக்கு அது ஒத்துவராது போலும்!

‘குலுக்கல் முறையில் பிரித்து’ என்ற சொற்களைக் கவனித்தீர்களா? இந்தக் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. திடீரென வரும் சாதாரண முதுகுப் பிடிப்பு பெரும்பாலோருக்கு ஆறு வாரங்களுக்குள், என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே பத்துப் பேரைக் காலால் பிறந்தவரிடம் அனுப்பினால் எட்டுப் பேர் ‘குணமாகிவிட்டது’ என்று சொல்லக்கூடும். பத்துப் பேரைக் காவிரியில் வெறுமனே குளித்துவரச் சொன்னாலும் எட்டுப் பேர் அப்படியே சொல்லக்கூடும். மேலும், வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மனிதர் வைத்தியம் தேடிப் போகிறார். உச்சத்துக்குப் பின் வருவது இறக்கம், பெயர் வைத்தியருக்கு. இதில் நாட்டு வைத்தியம், நவீன வைத்தியம் என்ற பேதமே இல்லை. வலி மாத்திரையாக உலகம் முழுவதும் விழுங்கப்படும் பாராசிட்டமாலை 2014-இல் ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். மாத்திரை உண்டவர்கள் குணமாக 17 நாள். மருந்தே இல்லாத போலி மாத்திரை உண்டவர்களுக்கு 16 நாள்.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. நம் பாடநூல்களில் அது இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைத்தே ஆக வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் பாதிப் பேரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்து, மற்றவர்களைச் சானடோரியத்தில் சேர்த்து ஒப்பிட்டார்கள். 1959-இல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இது ஒரு முக்கியக் காரணமாயிற்று.

காசநோய்க்கும் முதுகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். காசநோய்க் கிருமி முள்ளெலும்பையும் தாக்கும். தீராத முதுகு வலி, காய்ச்சல், மெலிவு, கடைசியில் கூன் என்று அது போகும். சாதாரண முதுகு வலியைப் போன்றது அல்ல. எலும்பே கரைகிற நோய். இதற்குப் படுக்கை, மாவுக் கட்டு, கத்தி என்று மூன்றும் கையாளப்பட்டன. 1960-களில் கொரியாவில் நடந்த ஆய்வுகளில், சரியான மருந்து கொடுத்தால் ஆறு மாதப் படுக்கையாலும், உடலைச் சுற்றிப் போடும் மாவுக் கட்டாலும் கூடுதல் பயன் ஏதும் இல்லை என்று தெரிந்தது. மிஞ்சியது கத்தி. நோயுற்ற எலும்பை அகற்றி வேறு எலும்பு ஒட்டும் ‘ஹாங்காங் அறுவை’ அப்போது புகழ்பெற்றிருந்தது. அதைச் சோதிக்கும் பணியைச் சென்னை நிலையம் 1970-களில் மேற்கொண்டது. ஒரு பிரிவுக்கு அறுவையும் 6 மாத மருந்தும். ஒரு பிரிவுக்கு 6 மாத மருந்து மட்டும். இன்னொன்றுக்கு 9 மாத மருந்து மட்டும். மருந்து மட்டும் பெற்றவர்கள் நடமாடிக்கொண்டே சிகிச்சை பெற்றார்கள். பத்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து 1999-இல் அறிக்கை வெளியிட்டார்கள். மூன்று பிரிவுகளிலும் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் நலமாக இருந்தனர். அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களை மிஞ்சவில்லை. நடக்கவே இயலாதவாறு கால்கள் செயலிழந்தோர் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அத்தகையோருக்கு அறுவையின் தேவை வேறு. எலும்பையே அரிக்கும் நோயிலும்கூட, கத்திக்கு முன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும் என்பதை நம் ஊர் மருத்துவர்களும் நம் ஊர் நோயாளிகளும் உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள். அப்படியிருக்க ‘டிஸ்க் விலகிவிட்டது’ என்ற ஒரு வாக்கியத்துக்கு நாம் ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்?

அந்த வாக்கியம் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து பிறக்கிறது. படம் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்காத கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறது. 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் படமெடுத்தார்கள். எல்லாத் தட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினரே. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவதொரு தட்டு புடைத்திருந்தது. வயது ஏற ஏற நரை விழுவதுபோலத் தட்டுகளும் மாறுகின்றன. வலியோடு வருபவரின் படத்தில் தட்டு புடைத்திருப்பதைக் கண்டு, ‘இதுதான் காரணம்’ என்று கை காட்டுவது, நரைத்த முடியைக் காட்டித் தலைவலிக்குக் காரணம் கண்டுபிடிப்பது போலாகும்.

எனக்குத் தெரிந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரிடம் இப்படி ஒரு படத்தைக் காட்டி, ‘மூன்று மாதம் எழுந்திருக்கக் கூடாது, பிறகு பார்த்து அறுவை’ என்று சொல்லிவிட்டார்கள். அன்றாடக் கூலிக்காரர் அவர். மூன்று மாதத்தில் கடன் ஏறியது; காலும் இடுப்பும் இளைத்தன; மகளின் படிப்பு ஓர் ஆண்டு நின்றது. பிறகு அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் ஒருவர் அவரைச் சிறிது சிறிதாக நடக்க வைத்தார். இன்று வேலைக்குப் போகிறார். நடையால்தான் குணமானார் என்பதற்கு இதை நான் சான்றாகக் காட்டவில்லை. ஒருவர் கதை சான்றாகாது என்று இப்போதுதானே சொன்னேன்! தவறான அறிவுரைக்கு எவ்வளவு விலை என்பதற்காகச் சொல்கிறேன்.

அறுவையே கூடாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தட்டு பிதுங்கி நரம்பை நெருக்கும்போது வலி பிட்டத்திலிருந்து கால்வரை மின்சாரம் பாய்வதுபோல இறங்கும். இவர்களில் பலரும் கத்தியின்றியே தேறுகிறார்கள். நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. முன்கூட்டியே அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி விரைவில் நீங்கியது உண்மை. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். காத்திருந்த பிரிவிலும் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் வலி பொறுக்காமல் பின்னர் அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல், கால் வலுவிழந்துகொண்டே வருதல் ஆகியவை இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, விபத்து இவற்றோடு வரும் வலியையும் வீட்டில் வைத்துக்கொண்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இனி, எடை தொங்கவிட்டு இழுக்கும் சிகிச்சை. இது எங்கள் துறைக்குரிய வேடிக்கை. நோயாளியின் இடுப்பில் பட்டை கட்டி, கயிற்றைக் கப்பியின் வழியே கட்டில் ஓரத்தில் விட்டு 5 கிலோ எடையைத் தொங்கவிடுவார்கள். முள்ளெலும்புகள் விலகித் தட்டுக்கு இடம் கிடைக்கும் என்பது எண்ணம். 60 கிலோ மனிதரின் இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பாதி உடல் 30 கிலோ. மெத்தைக்கும் உடலுக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால், 15 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாண்டும்வரை உடல் நகரவே நகராது. 5 கிலோ எடை முள்ளெலும்பை இழுப்பதில்லை, மெத்தையோடு போராடுகிறது! நடுவில் பிளந்து நகரும் மேசைகள் இந்த உராய்வை நீக்குகின்றன. அவற்றிலும் போதிய விசையோடு இழுத்ததையும், பெயருக்கு இழுத்ததையும் நெதர்லாந்தில் 1995-இல் ஒப்பிட்டார்கள், வேறுபாடு இல்லை. நாட்பட்ட முதுகு வலிக்கு இழுவைச் சிகிச்சையும் இடுப்புப் பட்டையும் வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

அப்படியானால் எதுதான் வேண்டும்? அதே நிறுவனத்தின் பட்டியலில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான விளக்கம், கைகளால் பிடித்துவிடுதல், அச்சத்தைப் போக்கும் உளவியல் உதவி ஆகியவை உண்டு. வெப்ப ஒத்தடம் சில நாள் இதம் தரும். பாட்டி அதில் வென்றுவிட்டார். எந்தப் பயிற்சி என்று கேட்டால், யோகாசனமோ, இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சியோ, விடாமல் செய்வதே முக்கியம் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. முதுகு வலி வந்து தேறிய 701 பேரில் ஒரு பிரிவினரைப் படிப்படியாக, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கும் அளவுக்குப் பழக்கினார்கள். வலி மீண்டும் வரும்வரை கழிந்த நாட்களின் நடு அளவு, நடக்காதவர்களுக்கு 112, நடந்தவர்களுக்கு 208. திருவரங்கத்துச் சித்திரை வீதிகளைக் காலையில் சுற்றிவருபவர்கள் புண்ணியத்தோடு இதையும் சேர்த்து ஈட்டுகிறார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. விளம்பரமும் இல்லை; விற்க ஒன்றுமில்லாத மருந்தை யார் விளம்பரம் செய்வார்கள்?

கழுத்து வலியிலும் இதே கதைதான். நம் தலை ஏறத்தாழ 5 கிலோ. கைப்பேசியைப் பார்க்க 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் 27 கிலோ அளவுக்கு விசை ஏறுகிறது என்று 2014-இல் ஒரு கணக்கு வெளிவந்து, செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. கணக்கு நெம்புகோல் கணக்குத்தான். ஆனால் விசை வேறு, வலி வேறு. பிரேசிலில் 18 முதல் 21 வயதுவரை உள்ள 150 பேரைப் பார்த்தபோது, கைப்பேசிக்காகக் குனிபவர்களுக்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தென்படவில்லை. குனிவதைவிட, ஒரே நிலையில் மணிக்கணக்கில் அசையாதிருப்பதுதான் கவனிக்க வேண்டியது என்று நான் கருதுகிறேன். விபத்தில் கழுத்து உலுக்கப்பட்டவர்களைக் கழுத்துப் பட்டையோடு ஓய்வெடுக்க வைப்பதைவிட, வழக்கம்போல நடமாட விடுவதே மேல் என்று நார்வே ஆய்வு ஒன்று 1998-இலேயே காட்டியது.

இப்போது உங்கள் முதுகுக்கு வருகிறேன். புத்தகப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2020-இன் பள்ளிப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. நல்லதே, வளரும் பிள்ளை சுமக்க வேண்டியது அறிவை, காகிதத்தை அன்று. ஆனால் பையால்தான் மாணவருக்கு முதுகு வலி வருகிறது என்பதற்கு, 69 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், பையின் எடையைவிட எனக்குக் கவலை தருவது உடற்கல்விப் பாடவேளை. அட்டவணையில் அது இருக்கும். தேர்வு நெருங்கினால் கணித ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ அதைக் ‘கடன்’ வாங்கிவிடுவார். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. ஆசிரியர் இனத்தைச் சேர்ந்தவன் என்றாலும் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருப்புத்திறனை ஒரு வாரம் தாமதமாகப் படிக்கலாம்; பதினைந்து வயதில் போட வேண்டிய தசையையும் எலும்பையும் ஐம்பதில் போட முடியாது. வகுப்புத் தலைவர்கள் இந்த இதழைத் தலைமையாசிரியரின் மேசைமேல் வைக்கலாம். என் பெயரையும் சொல்லலாம்.

சிகிச்சையிலும் இதே நிலைதான். திருச்சியிலேயே அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வரும் ஏற்பாடும் உண்டு. இருந்தும் முதுகு வலிக்காரர் முதலில் தேடிப் போவது படம் எடுக்கும் நிலையத்தை. ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இயன்முறை மருத்துவர் ஒருவர் நாள்தோறும் இருந்தால், படங்களில் பாதிக்குத் தேவையிராது என்பது என் கருத்து.

எஞ்சியிருப்பவர், காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர். ‘நடமாடு, சுமை நல்லது’ என்று உங்களுக்கும் எனக்கும் சொல்வதை அவரிடம் சொல்ல முடியாது. அளவான சுமை வலுவூட்டும் என்பதில் ‘அளவான’ என்பதே முக்கியமான சொல். 50 கிலோ மூட்டையை நாளெல்லாம் ஏற்றி இறக்குவது எந்த அளவுக்கும் அடங்காது. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967-இல் ஓர் ஆண் தொழிலாளிக்கு 55 கிலோ உச்சவரம்பு என்றது. 1991-இல் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம், எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தாலும் 23 கிலோ போதும் என்றது. பொன்மலைப் பணிமனையில் ரயில் எஞ்சினை ஓந்தி தூக்குகிறது. சில கிலோமீட்டருக்கு அப்பால் மனிதரின் முதுகு மூட்டை தூக்குகிறது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சிமெண்ட் மூட்டை 25 கிலோவாக வருகிறது. இங்கே அது இன்னமும் 50. வீட்டுக்கு வாங்கும் அரிசி மட்டும் 25 கிலோ சிப்பமாகக் கிடைக்கிறது, வாங்குபவர் தூக்க வசதியாக. கிடங்குக்கும் லாரிக்கும் போகும் மூட்டைகளையும் அப்படியே கட்டலாம் என்று சொன்னால், ‘நடை இரட்டிப்பாகும், கூலி கூடும்’ என்கிறார்கள் வணிகர்கள். கூடினால் கிலோவுக்குச் சில காசு கூடும். அதைக் கொடுக்க நான் தயார்.